இறைச்சியைக் குறைப்பதா, விடுவதா, பாலையும் சேர்த்து விடுவதா: நான்கு உணவுமுறைகளின் ஒப்பீடு

இறைச்சியைக் குறித்து ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வருவதில் பலரும் அதிக நாள் தயங்குவதில்லை. மருத்துவர் காட்டிய ஒரு பரிசோதனை அறிக்கையோ, புவி வெப்பமாதல் பற்றிப் படித்த ஒரு செய்தியோ அந்த முடிவை எடுக்க வைத்துவிடுகிறது. தயக்கம் அதற்கு அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. எவ்வளவு தூரம் போவது? அளவைக் குறைத்தால் போதுமா, மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, பாலும் முட்டையும் சேர்ந்த சைவம் சரியாக இருக்குமா, அல்லது விலங்கிலிருந்து வரும் எதுவுமே வேண்டாம் என்ற நனிசைவத்துக்கே போய்விடுவதா?

இந்த நான்கையும் ஒரு படிக்கட்டாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு படி ஏறும்போதும் உடலுக்கும் உலகுக்கும் ஒரே அளவு நன்மை கூடும் என்று எண்ணுவது இயல்பு. கிடைத்திருக்கும் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. சில படிகள் மிக உயரமானவை, சில படிகள் விரற்கடை அளவே உள்ளவை. ஓரிடத்தில் ஒரு கணக்கு ஏறும்போது இன்னொன்று இறங்கவும் செய்கிறது. எதை விலக்குகிறோம் என்பதோடு, விலக்கிய இடத்தில் எதை வைக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே இந்த ஏற்ற இறக்கம் புரியும்.

## எந்த அளவுகோல்களால் அளப்பது

முதல் அளவுகோல் நோய் அபாயம். இதய நோய், பக்கவாதம், பெருங்குடல் புற்றுநோய், நீரிழிவு, எலும்பு முறிவு ஆகியவை ஒவ்வோர் உணவுமுறையிலும் எவ்வாறு மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்துறையின் பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, மக்கள் தாங்களாகவே தேர்ந்துகொண்ட உணவோடு அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவை. சைவ உணவாளர்கள் சராசரியாகக் குறைவாகப் புகைப்பவர்களாகவும் எடை குறைந்தவர்களாகவும் இருப்பதால், அவர்களுடைய நலத்தில் எவ்வளவு பங்கு உணவுக்கே உரியது என்பதைப் புள்ளியியல் திருத்தங்களால் முழுமையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை.

இரண்டாவது, ஊட்டச்சத்துக் குறைபாடு. இது நோய் அபாயத்திலிருந்து வேறுபட்டது; நாற்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய இதய நோயைத் தவிர்க்கும் ஓர் உணவுமுறை, நான்கே ஆண்டுகளில் நரம்புச் சேதத்தைக் கொண்டுவரவும் கூடும். மூன்றாவது, சூழல் மீதான சுமை. இதில் பசுமை இல்ல வாயு, நிலம், நீர், கடல் என்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் நல்லதாகத் தெரியும் உணவு மற்றொன்றில் மோசமாக இருக்கலாம். நான்காவது, பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஒன்று: நேரம், பணம், உடன் உண்பவர்களோடு ஒத்துப்போதல் ஆகியவற்றால் அமையும் நீடிப்புத் தன்மை. ஆறு மாதத்தில் கைவிடப்படும் மிகச் சிறந்த உணவுமுறையைவிட, இருபது ஆண்டுகள் தொடரும் நடுத்தரமான உணவுமுறை மேல்.

உயிர்க்கொலையைத் தவிர்ப்பதே உங்கள் முதன்மைக் காரணமாக இருந்தால் இந்தக் கட்டுரையின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாட்டிறைச்சியிலிருந்து கோழிக்கு மாறுவது வாயு வெளியீட்டைப் பெருமளவு குறைக்கும். ஆனால் ஒரு மாடு தரும் இறைச்சியை ஈடுகட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் தேவைப்படும். உடல்நலமும் சூழலும் காட்டும் திசைக்கு எதிர்த்திசையை அறம் காட்டும் இடம் அது.

## சூழல் கணக்கு: படிகளின் உண்மையான உயரம்

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் 2018-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தது. 100 கிராம் புரதத்தைப் பெறுவதற்கு எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியாகிறது என்பதைக் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றிச் சொன்னால், இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டுக்குச் சராசரியாக 50 கிலோ, ஆட்டிறைச்சிக்கு ஏறத்தாழ 20, பாலாடைக்கட்டிக்கு 11, பன்றி இறைச்சிக்கு 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, சோயாக்கட்டிக்கு 2 கிலோ என்று வருகிறது. பருப்பு, பயறு வகைகளுக்கு 1 கிலோவுக்கும் குறைவு.

மாடும் ஆடும் தனித்து நிற்பதற்குக் காரணம் அவற்றின் இரைப்பை. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் புல்லைச் சிதைக்கும்போது மீத்தேன் உருவாகி, ஏப்பமாக வெளியேறுகிறது. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்கு வெப்பத்தை அது பிடித்துவைக்கிறது. ஆயுள் குறைவு என்பதால், மீத்தேனை இன்று குறைத்தால் அதன் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும்.

அந்தப் பட்டியலில் பாலாடைக்கட்டி எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பாலாடைக்கட்டி ஒரு கிலோ செய்யப் பத்து லிட்டர் அளவுக்குப் பால் தேவைப்படுகிறது. அந்தப் பாலைத் தருவதும் அசைபோடும் விலங்குதான். ஆகவே புரதத்துக்குப் புரதம் ஒப்பிட்டால் கோழியையும் பன்றியையும் விட அதன் சுமை அதிகம். சைவம் என்ற சொல்லே ஒரு சூழல் முத்திரை என்று நம்புபவர்களை இந்த ஒரு எண் சற்றே நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டும்.

தனித்தனிப் பொருள்களை விட்டு முழு உணவுமுறையாகப் பார்த்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் 55,504 பேரின் உணவுப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பகுத்து 2023-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பதாகச் சமப்படுத்திக் கணக்கிடப்பட்ட எண்கள் இவை. அட்டவணையின் கடைசி இரு நெடுவரிசைகளில் உள்ளவை நான் சேர்த்தவை.

| உணவுமுறை | நாளொன்றுக்கு வாயு வெளியீடு | தனிக்கவனம் கேட்கும் சத்துகள் | எளிதில் கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| இறைச்சி மிகுதி (100 கிராமுக்கு மேல்) | 10.24 கிலோ | நார்ச்சத்து | நீண்டகால நோய் அபாயம் |
| இறைச்சி குறைவு (50 கிராமுக்குக் கீழ்) | 5.37 கிலோ | பெரும்பாலோருக்கு எதுவுமில்லை | அளவு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புதல் |
| மீன் உண்டு, இறைச்சி இல்லை | 4.74 கிலோ | இரும்பு | பாதரசம், கடல்வளச் சேதம் |
| பால், முட்டை சேர்ந்த சைவம் | 4.16 கிலோ | இரும்பு, துத்தநாகம், வைட்டமின் பி12, ஒமேகா-3 | பால்பொருள்களின் மிகை |
| நனிசைவம் | 2.47 கிலோ | பி12 (கட்டாயம்), கால்சியம், அயோடின், இரும்பு, துத்தநாகம், ஒமேகா-3, வைட்டமின் டி | திட்டமிடல், மாத்திரை, பரிசோதனை |

இறைச்சி மிகுந்த உணவிலிருந்து நனிசைவம் வரையிலான மொத்த இறக்கம் 7.77 கிலோ. அதில் 4.87 கிலோ, அதாவது ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல், இறைச்சியை நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே கொண்டுவரும் முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து பால், முட்டை சேர்ந்த சைவத்துக்குப் போனால் கிடைப்பது மேலும் 1.21 கிலோ மட்டுமே. அதன் பிறகு பாலையும் முட்டையையும் விடும்போது இறக்கம் மறுபடியும் பெரிதாகி 1.69 கிலோ ஆகிறது. குறைத்துண்பவர் சைவராவதைவிட, சைவர் நனிசைவராவது சூழலுக்கு அதிகம் தருகிறது. பிரிட்டனின் உணவுப் பழக்கத்தை ஒட்டிய எண்கள் இவை. வேறிடங்களில் அளவுகள் மாறும், ஆனால் மாட்டிறைச்சியும் பால்பொருளும் எங்கெல்லாம் மிகுதியோ அங்கெல்லாம் இதே வடிவத்தை எதிர்பார்க்கலாம்.

நிலக் கணக்கில் வேறுபாடு இன்னும் பெரிது. 2018-ஆம் ஆண்டு ஆய்வின்படி, உலகின் வேளாண் நிலத்தில் 83 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும் விலங்கு உணவுகள், மனிதருக்குக் கிடைக்கும் கலோரியில் 18 விழுக்காட்டையும் புரதத்தில் 37 விழுக்காட்டையும் மட்டுமே தருகின்றன. இதற்கு மறுதரப்பும் உண்டு. அந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். அதில் கணிசமான பரப்பு பயிரிடத் தகுதியற்றது. உலகக் கால்நடைகள் உண்ணும் தீவனத்தில் உலர் எடையில் 86 விழுக்காடு மனிதர் உண்ண முடியாத புல், வைக்கோல், கழிவு போன்றவை என்று ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் 2017-இல் கணக்கிட்டார்கள். கால்நடை வளர்ப்பு முழுவதையும் வீணென்று சொல்வது அறிவியலுக்கு இணங்காது. ஆனால் இன்றைய அளவு தாங்கத் தக்கதல்ல என்று சொல்ல மேற்கண்ட எண்களே போதும்.

எவ்வளவு தொலைவிலிருந்து வந்த உணவு என்ற கவலையை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். உணவால் ஏற்படும் வாயு வெளியீட்டில் போக்குவரத்தின் பங்கு 6 விழுக்காடு அளவே. அண்டையில் வளர்ந்த மாட்டிறைச்சியைவிடக் கப்பலில் வந்த பயறு மிகக் குறைந்த சுமையுடையது.

## குறைத்துண்ணல்

இந்த வழியின் வலிமை, மாற்றம் சிறியதாகத் தெரிந்தாலும் பலன் பெரியதாக இருப்பது. எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டுமானால், ஈட்-லான்செட் என்ற பன்னாட்டு அறிவியலாளர் குழு 2019-இல் முன்வைத்த உணவுமுறையை எடுத்துக்கொள்ளலாம்: மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சி நாளொன்றுக்கு 14 கிராம், கோழி 29 கிராம், மீன் 28 கிராம், பருப்பு, சோயா வகைகள் 75 கிராம். வாரக் கணக்கில் சொன்னால் சிவப்பிறைச்சி ஏறத்தாழ 100 கிராமும் கோழி 200 கிராமும் ஆகும்.

உடல்நலக் கோணத்தில் முதலில் விலக வேண்டியவை உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி வகைகள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்பதற்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 விழுக்காடு கூடுகிறது என்றும் மதிப்பிட்டது. புகையிலையும் அதே வகையில் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்று பரவலாக எழுதப்படுவது தவறு. அந்த வகைப்பாடு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறதே ஒழிய, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை.

இவ்வழியின் மறைமுகச் செலவு, அதற்கு எல்லைக் கோடு இல்லாமை. “உண்பதில்லை” என்று சொல்வதற்கு ஒருமுறை முடிவெடுத்தால் போதும். “குறைவாக உண்பேன்” என்பதை ஒவ்வொரு வேளையும் முடிவெடுக்க வேண்டும். அளந்து குறித்து வைக்காதவர்கள் சில மாதங்களில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டு, குறைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே. “இந்தந்தக் கிழமைகளில் மட்டும்” அல்லது “வெளியே விருந்தில் மட்டும்” என்பது போன்ற தெளிவான விதியை வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது.

இப்போது நாள்தோறும் நிறைய இறைச்சி உண்பவருக்கும், பசி குறைந்து உடல் மெலிந்துவரும் முதியவருக்கும், இரத்தச் சோகையிலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## மீன் மட்டும்

உடல்நலம் ஒன்றே அளவுகோல் என்றால் இந்த வழியைத் தள்ளிவிடுவது கடினம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்வெண்டிஸ்ட் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த 73,308 பேரைத் தொடர்ந்து, 2013-இல் வெளியான ஆய்வில், சைவ வகையினர் அனைவரையும் சேர்த்து இறப்பு விகிதம் 12 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்களுள் மீன் உண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 19 விழுக்காடு குறைவாக இருந்தது. மீனில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. எனப்படும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்புகள் நேரடியாகக் கிடைக்கின்றன. பி12, அயோடின், வைட்டமின் டி ஆகியவையும் கூடவே வருகின்றன. அதாவது சைவத்துக்கு மாறுபவர் தனியே தேட வேண்டிய சத்துகளில் பலவற்றை ஒரே உணவு தந்துவிடுகிறது.

அட்டவணையில் வந்த 4.74 கிலோ என்ற எண் மட்டும் முழுக் கதையைச் சொல்வதில்லை. உலகில் கண்காணிக்கப்படும் மீன்வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தாங்கும் அளவைத் தாண்டிப் பிடிக்கப்படுகின்றன என்று உணவு வேளாண் அமைப்பு கூறுகிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவலைகளின் சேதம் எந்த வாயுக் கணக்கிலும் வருவதில்லை. பண்ணை இறாலின் வாயுச் சுமையோ, புரத அளவில் ஒப்பிட்டால் ஆட்டிறைச்சிக்கு அருகில் நிற்கிறது. பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களில், குறிப்பாகச் சுறாவிலும் வாள்மீனிலும், பாதரசம் சேர்ந்திருப்பதால் கருவுற்றவர்களும் குழந்தைகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே விடைதான் உண்டு: சிறிய மீன்கள். மத்தியும் நெத்திலியும் குறைந்த எரிபொருளில் பிடிக்கப்படுபவை, ஒமேகா-3 நிறைந்தவை, குறுகிய ஆயுள் என்பதால் பாதரசம் மிகக் குறைவாகவே சேர்பவை. “மீன் மட்டும்” என்பதைச் “சிறுமீன் மட்டும்” என்று கடைப்பிடிப்பவருக்கு இது நல்ல வழி. இறாலுக்கும் பெரிய மீனுக்கும் மாறுபவர் சூழலின் பெயரால் இதைச் செய்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

## பாலும் முட்டையும் சேர்ந்த சைவம்

பலரும் தேர்வது இது. நான்கில் மிகுதியாகத் தவறாகக் கடைப்பிடிக்கப்படுவதும் இதுவே என்பது என் கருத்து.

முதலில் நற்செய்தி. பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 48,188 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து, 2019-இல் வெளியிட்ட முடிவில், இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவாளர்களுக்கு இதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. மீன் உண்பவர்களுக்கு அந்தக் குறைவு 13 விழுக்காடு. அதே ஆய்வில் சைவ உணவாளர்களுக்குப் பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. விழுக்காடுகளை ஆட்களாக மாற்றினால் அச்சம் தணியும்: ஆயிரம் பேருக்குப் பத்தாண்டுகளில் இதய நோயாளிகள் 10 பேர் குறைவு, பக்கவாத நோயாளிகள் 3 பேர் கூடுதல். இந்தக் கூடுதலுக்கான காரணம் நிறுவப்படவில்லை. பி12 போன்ற சில சத்துகளின் குறைவு அதில் பங்கு வகிக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். இறைச்சியை விட்ட இடத்தைப் பெரும்பாலோர் இரண்டு பொருள்களால் நிரப்புகிறார்கள்: தீட்டிய தானியம், பால்பொருள். முதலாவதால் வரும் தீங்கை, அமெரிக்க மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. முழுத்தானியம், பயறு, காய்கனி, கொட்டைகள் நிறைந்த தாவர உணவை மிகுதியாக உண்டவர்களுக்கு இதயத் தமனி நோய் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. தீட்டிய மாவு, சர்க்கரைப் பானம், இனிப்பு ஆகியவை நிறைந்த தாவர உணவை உண்டவர்களுக்கோ 32 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இரண்டுமே தாவர உணவுகள்தாம்.

இரண்டாவது பொருளான பாலின் சிக்கல் நுட்பமானது. இறைச்சி நல்ல இரும்புச்சத்தைத் தருவது. பாலில் இரும்பு ஏறத்தாழ இல்லை. போதாக்குறைக்கு, பாலில் உள்ள கால்சியம் அதே வேளையில் உண்ணும் பிற உணவின் இரும்பு உறிஞ்சப்படுவதையும் ஓரளவு தடுக்கிறது. ஆகவே இறைச்சிக்குப் பதில் பாலாடைக்கட்டியை வைப்பவர், புரதத்தைச் சமன் செய்துவிட்டு இரும்பை இழக்கிறார். மாதவிலக்கு உள்ள பெண்களிடம் இந்த இழப்பு சில மாதங்களிலேயே களைப்பாகத் தெரியத் தொடங்கலாம். இறைச்சியின் இடத்துக்கு உரியவை பயறும் பருப்பும் சோயாவும். அவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்த ஒன்றைச் சேர்த்து உண்டால் தாவர இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். தேநீரையும் காப்பியையும் உணவோடு அருந்தாமல் ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். பயறுகளை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அவற்றில் தாதுக்களைக் கட்டிவைக்கும் பைட்டேட் என்ற பொருளைக் குறைத்து, இரும்பும் துத்தநாகமும் உடலில் சேர உதவுகின்றன.

பால் குடிப்பதால் பி12 பற்றிக் கவலையில்லை என்பதும் பாதி உண்மையே. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். 240 மில்லி பாலில் ஏறத்தாழ 1.2, ஒரு முட்டையில் 0.5 மைக்ரோகிராம் இருக்கின்றன. நாள்தோறும் இரண்டு கோப்பைப் பாலுக்குக் குறையாமல் அருந்துபவருக்குக் கணக்கு சரியாகும். தேநீரில் கலக்கும் அளவோடு நின்றுவிடுபவருக்கு ஆகாது.

சுருங்கச் சொன்னால், பயறை நடுவில் வைத்து, பாலை அளவோடு வைத்து, முட்டையையும் சேர்த்துக்கொள்பவருக்கு இந்த வழி நோய் அபாயம், குறைபாடு, நீடிப்பு மூன்றிலும் நன்றாக நிற்கிறது. குடும்பத்தில் குழந்தைகள் இருந்து, வீட்டில் அனைவருக்கும் ஒரே சமையல் வேண்டும் என்றால் இதுவே பாதுகாப்பான எல்லை.

## நனிசைவம்

வாயு வெளியீட்டைக் குறைப்பதில் இதற்கு நிகரில்லை. மேற்சொன்ன பிரிட்டன் ஆய்வில், இறைச்சி மிகுதியாக உண்பவர்களோடு ஒப்பிட நனிசைவர்களின் வாயு வெளியீடும் நிலப் பயன்பாடும் கால் பங்கு அளவே இருந்தன. நீர்ப் பயன்பாடு மட்டும் பாதியை ஒட்டி நின்றது. நீரில் ஏன் அவ்வளவு குறையவில்லை என்பதற்குத் தாவரப் பால்கள் ஓர் எடுத்துக்காட்டு: ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சராசரியாக 628 லிட்டர் நீர் செலவாகிறது, பாதாம் பாலுக்கு 371, ஓட்ஸ் பாலுக்கு 48, சோயாப் பாலுக்கு 28. வாயுவை மட்டும் பார்த்துப் பாதாமைத் தேர்ந்தவர் நீர்க் கணக்கையும் பார்த்திருந்தால் சோயாவைத் தேர்ந்திருப்பார். சோயா என்றதும் காடழிப்பை நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: உலகின் சோயா விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு அளவு கால்நடைத் தீவனமாகவே போகிறது.

உடல்நலத்தில் சித்திரம் கலவையானது. நனிசைவர்களின் உடல் எடையும் தீய கொழுப்பும் பொதுவாக மற்ற எல்லாரையும்விடக் குறைவு. எலும்பு வேறு கதை சொல்கிறது. எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2020-ஆம் ஆண்டு முடிவில், இறைச்சி உண்பவர்களைவிட நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆயிரம் பேருக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 20 முறிவுகள் அதிகம். மெலிந்த உடல், குறைவான கால்சியம், குறைவான புரதம் ஆகியவை இதில் ஒரு பகுதியை விளக்குகின்றன. மூன்றையும் திருத்த முடியும் என்பதால் இது விதியன்று. ஆனால் தானாகத் திருந்தாது.

பி12 பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். கீரை, புளித்த உணவு, கழுவாத காய்கறி ஆகியவற்றிலிருந்து போதிய பி12 கிடைக்கும் என்பது ஆதாரமற்றது. ஸ்பைருலினா பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். செறிவூட்டிய உணவு அல்லது மாத்திரை மட்டுமே நம்பத் தக்கது. குடல் ஒரு வேளையில் உறிஞ்சும் அளவுக்கு வரம்பு இருப்பதால், நாள்தோறும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்ற வழக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. இதை ஒத்திப்போடத் தூண்டுவது நம் கல்லீரல்தான். அதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், முதலாண்டு எந்த அறிகுறியும் இல்லாமல் கழிந்து, “எனக்கு மாத்திரை தேவையில்லை” என்ற எண்ணத்தை உறுதிப்படுத்திவிடும். மேலும், தாவர உணவில் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற வைட்டமின் இரத்தச் சோகையை மறைத்துவிடுவதால், கைகால் மரத்துப்போதல், நினைவுத் தடுமாற்றம் போன்ற நரம்புச் சேதமே முதல் அறிகுறியாக வரக்கூடும். அது சில வேளைகளில் முழுமையாக மீள்வதில்லை.

கால்சியத்தில் எந்தக் கீரை என்பது முக்கியம். பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அக்கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைக் கட்டிவைத்துவிடுவதால் 5 விழுக்காடு அளவே உடலில் சேர்கிறது. பாலிலிருந்து 30 விழுக்காடு அளவு சேர்கிறது. கால்சியம் சேர்த்து உறையவைத்த சோயாக்கட்டியும் செறிவூட்டிய தாவரப் பாலும் மேலான வழிகள். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும். ஆளி, வால்நட் ஆகியவற்றின் ஒமேகா-3, உடலில் டி.எச்.ஏ.வாக மாறும் அளவு மிகச் சிறிது. வேண்டுமானால் பாசியிலிருந்து எடுத்த எண்ணெய் உண்டு. மீன்களும் அதை அங்கிருந்துதான் பெறுகின்றன.

எல்லாரும் முதலில் கேட்கும் புரதம், உண்மையில் எளிதில் தீரக்கூடியது. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தேவை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள், தானியத்தில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

கருவுற்றவர், பாலூட்டுபவர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு நனிசைவம் பொருந்துமா என்பதில் நிபுணர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்காவின் ஊட்டச்சத்து வல்லுநர் கழகம் 2016-இல் திட்டமிட்ட நனிசைவம் எல்லாப் பருவத்தினருக்கும் ஏற்றது என்றது. 2025-இல் வெளியிட்ட அறிக்கையைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொண்டது. இந்தப் பருவங்களில் ஊட்டச்சத்து வல்லுநரின் தொடர் கண்காணிப்பு இல்லாமல் இவ்வழியில் இறங்க வேண்டாம் என்பேன்.

## மருந்தும் குடலும் அடுப்படியும்

சைவத்தின் இரு வகைகளுக்கும் பொதுவான சில செலவுகள் உண்டு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கும், நெடுநாள் அமிலக் குறைப்பு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் பி12 உறிஞ்சல் ஏற்கெனவே குறைந்திருக்கும். உணவையும் மாற்றினால் இரண்டு இழப்புகள் சேர்ந்துகொள்ளும். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் எடுப்பவர் கீரையைத் திடீரென்று கூட்டினால், வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் பயறு, கொட்டை, கனிகளின் பொட்டாசியம் ஆபத்தாகலாம். இம்மூன்று நிலையினரும் மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற வேண்டும்.

நலமாக இருப்பவருக்கு வரும் முதல் தொல்லை வயிற்று உப்புசம். நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் குடல் எதிர்ப்புக் காட்டத்தான் செய்யும். ஐந்தாறு வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, நீரையும் கூட்டினால் அது அடங்கும். பயறு ஊறவைக்க முந்தைய இரவே நினைவு வேண்டும் என்பதும், ஒரே வீட்டில் இருவகை உணவு சமைத்தால் ஒருவரின் உழைப்பு கூடுகிறது என்பதும் சிறிய செய்திகளாகத் தோன்றலாம். உணவுமுறைகள் கைவிடப்படுவது பெரும்பாலும் இத்தகைய சிறிய காரணங்களால்தான். பணத்தைப் பொறுத்தவரை, பயறும் தானியமும் காய்கறியும் இறைச்சியைவிட மலிவானவை. இறைச்சிபோல் செய்யப்பட்ட ஆயத்த உணவுகளை நம்பினால் அந்த மிச்சம் போய்விடும், உப்பும் கூடிவிடும். மாறும் காலத்தில் ஊன்றுகோலாக அவற்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

## எவருக்கு எது

மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை இப்போது உங்கள் அன்றாட உணவில் இருந்தால், அவற்றைக் குறைப்பதே உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஒற்றைப் பலன். மற்ற முடிவுகளை ஓராண்டு கழித்து எடுக்கலாம். குடும்பத்தில் இதய நோய் இருந்து, மாத்திரைகளை நினைவாக உட்கொள்ளும் பழக்கம் இல்லாதவருக்குச் சிறுமீன் சேர்ந்த உணவு ஏற்றது. ஏற்கெனவே இறைச்சியைக் குறைவாக உண்பவர், சூழலின் பொருட்டு மட்டும் பால் மிகுந்த சைவத்துக்கு மாறினால் எதிர்பார்த்த அளவு பலன் கிடைக்காது. அவர் பால்பொருளைக் குறைப்பதோ, உணவை வீணாக்காமல் இருப்பதோ கூடுதல் பயன் தரும். சூழலே முதன்மை, உடல்நலம் சீர், மாத்திரையும் ஆண்டுக்கொரு பரிசோதனையும் சுமையாகத் தெரியவில்லை என்றால் நனிசைவத்துக்குத் தயங்க வேண்டியதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும், மாறுவதற்கு முன்பே ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி ஆகியவற்றுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த நிலை தெரியாமல், ஓராண்டு கழித்து வரும் எண்ணை வைத்துக்கொண்டு குறைபாடு புதிய உணவால் வந்ததா, பழையதா என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். இரத்தத்தில் பி12 அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் அதோடு நிறுத்தாமல் மெத்தில்மலோனிக் அமிலத்தையும் அளக்கச் சொல்லுங்கள்; இரத்தத்தில் அளவு சரியாகத் தெரிந்தும் உயிரணுக்களுக்குள் பற்றாக்குறை இருப்பதை அந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.